அறக்கோட்டம் சிறைக்கோட்டம் ஆகாதிருக்க
(பராமரிப்பு இல்லங்களின் வரலாறு உணர்த்தும் பாடம்)

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் ஆலயங்களில் அன்னதானம் சிறப்புற நடைபெறுவதை மெய்யன்பர்கள் அனைவரும் அறிவர். பந்தியில் அமர்ந்து உண்போர் உண்டபின், அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்கும் சிறுவர் இல்லத்திற்கும் உணவை அனுப்பி வைப்பது பல ஆலயங்களில் நெடுநாளைய வழக்கமாகும். பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் திதி ஆகிய நாள்களிலும் உபயகாரர்கள் அரிசி மூட்டைகளையும் எண்ணெயையும் பால்மாவையும் எடுத்துச் சென்று இல்லத்தாரிடம் ஒப்படைத்து மனநிறைவு பெறுகின்றனர். மலேசிய இந்துப் பெருமக்களிடையே இவ்வறம் வேரூன்றியிருப்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியே.

எனினும், இவ்வறத்தில் ஒரு குறை உண்டு. அதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லாமல் அடியேன்மேல் ஏற்றியே சொல்ல விரும்புகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆலய நிர்வாகக் குழுவில் பொறுப்பேற்றிருந்த காலத்தில், திருவிழா முடிந்த மறுநாள் உணவுப் பாத்திரங்களுடன் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் செல்வது எங்கள் வழக்கம். முன்கூடத்தில் பெரியவர்கள் வரிசையாக அமர்த்தப்பட்டிருப்பார்கள். உணவு பரிமாறுவோம், நிழற்படம் எடுத்துக்கொள்வோம், விடைபெறுவோம். ஓராண்டு, முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. ஏதோ சொல்ல முயன்றார். அருகில் நின்ற பணியாளர், “அவர் எப்போதும் இப்படித்தான் ஐயா” என்று சிரித்தவாறே அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு செல்ல எண்ணியபோது அவ்வில்லம் மூடப்பட்டிருந்தது. ஏன் மூடப்பட்டது, அங்கிருந்தோர் எங்குச் சென்றனர் என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. வேறு ஓர் இல்லத்தைத் தேடிக்கொண்டோம். அப்பெரியவர் சொல்ல வந்தது என்ன என்னும் வினா இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மணிமேகலைக் காப்பியத்தில் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்தினுள் சென்று அங்குப் பசித்துக் கிடந்தோர்க்கு உணவளிக்கின்றாள். அதனை அறிந்து வியந்த சோழமன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு அவள் வேண்டுகின்றாள். மன்னனும் அவ்வாறே செய்கின்றான். சிறையை அறச்சாலை ஆக்கிய பெருமை தமிழ்ப் பெண் ஒருத்திக்கு உரியதாகக் காப்பியம் பேசுகின்றது. ஆனால் உலக வரலாற்றைப் புரட்டினால் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சிகளும் உள்ளன. அறக்கோட்டமாகத் தொடங்கப்பெற்றவை, பார்ப்பார் இன்மையால், சிறைக்கோட்டங்களாக மாறிய கதைகள் அவை. அவற்றை அறிந்துகொள்வது அறம் செய்வோர்க்கு மிகவும் தேவையாகும்.

திருமுக்கூடல் காட்டும் நெறி

முதற்கண் நம் முன்னோர் எவ்வாறு இல்லங்களை நடத்தினர் என்பதைக் காண்போம். காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் தங்கும் இடமும் ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் இயங்கி வந்தன. ஆதுலர் சாலை என்பது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன.

அக்கல்வெட்டின் சிறப்பு என்னவெனில், “நோயாளிகளுக்குத் தருமம் செய்க” என்று பொதுப்படச் சொல்லி அது நின்றுவிடவில்லை. மருத்துவர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைக்கும் ஆள்கள், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொணர்வோர் என ஒவ்வொருவரையும் அது தனித்தனியே குறிக்கின்றது. இன்னார்க்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று ஊதியத்தையும் வரையறுக்கின்றது. நோயாளிகளுக்கு நாள்தோறும் அளிக்க வேண்டிய அரிசியின் அளவு அதில் உள்ளது. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய் கூட அதில் ஒதுக்கப்பட்டுள்ளது.

இரவு விளக்கைப் பற்றி அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். நோயாளி நள்ளிரவில் அழைத்தால் வருவோர்க்கு வழி தெரிய வேண்டும். அவர் முகம் புலப்பட வேண்டும். பகலில் வரும் பெரியோர் காணாத அந்த இரவு நேரத்தையும் எண்ணிப் பார்த்து அதற்கெனப் பொருள் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். பணியாளர் எத்தனை பேர், அவர்தம் கடமை யாது, ஊதியம் எவ்வளவு, தங்குவோர்க்கு உரியது எவ்வளவு என்பவற்றை எவரும் மறுக்கவியலாதபடி கல்லில் வெட்டி, எல்லாரும் காணுமாறு கோயிற் சுவரிலேயே அமைத்தனர். எவரும் படித்துக் கேள்வி கேட்கத்தக்க அந்த வெளிப்படையான கணக்கே கண்காணிப்பின் முதற்படியாகும்.

ஆண்டோவர் இல்லத்தின் அவலம்

இனி, கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு சான்று காண்போம்.

1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏழையர் சட்டம் திருத்தி அமைக்கப்பெற்றது. அதன்படி வாழ வழியற்ற ஏழைகள், முதியோர், அநாதைச் சிறுவர் ஆகியோர் ‘உழைப்பு இல்லம்’ எனப்பட்ட விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். ஒவ்வோர் இல்லத்தையும் மேற்பார்வையிட அவ்வட்டாரப் பெரியோர்களைக் கொண்ட காப்பாளர் குழு ஒன்று இருந்தது. அக்குழு ஒரு கண்காணிப்பாளரையும் அவருக்குத் துணையாக ஒரு பெண் மேற்பார்வையாளரையும் ஊதியத்திற்கு நியமிக்கும். குழுவின் உறுப்பினர்கள் அவ்வப்போது இல்லத்தினுள் சென்று பார்வையிட வேண்டும் என்பதும் விதி. ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு இது.

ஹாம்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆண்டோவர் என்னும் சிற்றூரின் இல்லத்திற்குக் கண்காணிப்பாளராக மெக்டூகல் என்பார் நியமிக்கப்பட்டார். அவர் வாட்டர்லூ போரில் கலந்துகொண்ட முன்னாள் இராணுவத்தினர். அவர் மனைவியே பெண் மேற்பார்வையாளர். கண்டிப்பானவர், செலவைக் குறைத்து நடத்துபவர் என்பதால் குழுவினருக்கு அவர்மேல் மிகுந்த நம்பிக்கை இருந்தது.

அவ்வில்லத்தில் தங்கியிருந்த ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் கொடுக்கப்பட்ட வேலை எலும்பு இடித்தல். விலங்குகளின் எலும்புகளை இடித்துத் தூளாக்கினால் அது வயல்களுக்கு உரமாக விற்பனையாகும். 1845-ஆம் ஆண்டில் ஊரில் ஒரு செய்தி பரவியது. இல்லத்தில் உள்ளோர் பசி தாளாமல், இடிக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்த அழுகிய தசையையும் உள்ளிருந்த மச்சையையும் கடித்துத் தின்கின்றனர் என்பதே அச்செய்தி.

காப்பாளர் குழு உறுப்பினருள் ஹியூ மண்டி என்னும் விவசாயி ஒருவர் இருந்தார். அவர் இதனைக் குழுவில் எடுத்துரைத்தார். மற்ற உறுப்பினர்கள் பொருட்படுத்தவில்லை. அவரோ விடவில்லை, செய்தியை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுசேர்த்தார். 1845 ஆகஸ்டு 1-ஆம் நாள், மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமாகிய தாமஸ் வாக்லி என்பார் இதனைக் குறித்து அவையில் வினா எழுப்பினார். இத்தகைய செயல் நடந்திருக்கும் என்பதை உள்துறை அமைச்சரால் நம்பவே இயலவில்லை. எனினும் உதவி ஆணையர் ஒருவர் விசாரணைக்கு அனுப்பப்பட்டார். விசாரித்த சில நாள்களிலேயே செய்தி உண்மை என்பது வெளியாயிற்று.

மேலும் பல கொடுமைகளும் வெளிவந்தன. விதிப்படி அளிக்க வேண்டிய உணவின் அளவைக் கண்காணிப்பாளர் குறைத்து, மிச்சத்தைத் தம் குடும்பத்திற்குப் பயன்படுத்தி வந்தார். குடிப்பழக்கம் அவருக்கு இருந்தது. இல்லத்தில் தஞ்சமடைந்த இளம்பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டதற்கும் சாட்சியங்கள் கிடைத்தன. அவர் பதவி விலகினார். 1846-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஒன்று முழுமையாக விசாரித்து, மேலிடத்து ஆணையத்தையே கடுமையாகக் குறைகூறியது. அடுத்த ஆண்டு அவ்வாணையம் கலைக்கப்பட்டு, நாடாளுமன்றத்திற்குப் பதில்சொல்லும் பொறுப்புடைய புதிய வாரியம் அமைக்கப்பெற்றது.

மெக்டூகலுக்குப் பின் அவ்வில்லத்திற்கு வந்தவர் சிறைச்சாலை ஒன்றில் பணியாற்றியவர். அவரும் மூன்றாண்டுக்குள், இல்லத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆளை மாற்றினார்கள், அமைப்பு பழைய அமைப்பாகவே இருந்தது.

இழுக்கு எங்கே நேர்ந்தது?

மெக்டூகல் கொடியவர் என்று சொல்லி இக்கதையை முடித்துவிடலாம். ஆயின் அது முழு உண்மை ஆகாது. காப்பாளர் குழுவினர் கொடியவர்கள் அல்லர். ஊரில் மதிப்புடன் வாழ்ந்தவர்கள். அவர்தம் தலைவர் ஒரு சமய குருவானவர். ஆயினும் அத்தலைவர் பல ஆண்டுகளாக இல்லத்தினுள் சென்று சுற்றிப் பார்க்கவே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. குழுவினர் கூடினர், கணக்குகளைப் பார்த்தனர், செலவு குறைந்திருப்பது கண்டு மகிழ்ந்தனர். செலவு ஏன் குறைந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே.

இரண்டாவதாக, இல்லத்தில் இருப்பவர் குறை சொல்ல விரும்பினால் அதனைக் கண்காணிப்பாளர் வழியாகவே சொல்ல வேண்டிய நிலை இருந்தது. யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அவரிடமே முறையிடுவது எங்ஙனம்? அவர் மனைவியே மேற்பார்வையாளர் என்பதால் பெண்களுக்கு வேறு புகலிடமும் இல்லை. ஒரே குடும்பத்தின் கையில் சாவி, சமையல், கணக்கு, தண்டனை அனைத்தும் இருந்தன. மூன்றாவதாக, உள்ளே இருந்தோரின் சொல்லுக்கு மதிப்பில்லை. “அவர்கள் எப்போதும் இப்படித்தான்” என்னும் ஒரே சொல்லால் அவர்தம் குரல் அடக்கப்பட்டது. அடியேன் முன்பு குறிப்பிட்ட இல்லத்தில் கேட்டதும் அதே சொல்தான். 150 ஆண்டுகள் கடந்தும் அச்சொல் மாறவில்லை.

நூறாண்டுக்குப் பின்னரும்

காலம் மாறியது. சட்டங்கள் மாறின. ஆயின் இதே பாடம் மீண்டும் மீண்டும் படிக்கப்பட வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், ஆலன் சீமாட்டி என்பார் இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளின் நிலையை எவரும் அறிந்திலர் என்று அதில் வருந்தினார். அதன் விளைவாக கர்ட்டிஸ் அம்மையார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்று, 1946-இல் அறிக்கை வெளியிட்டது. அக்குழு கண்ட பெருங்குறை, அடி உதையினும் அன்பின்மையே. உணவும் உடையும் இருந்தும், தனக்கென ஒருவர் உண்டு என்னும் உணர்வின்றிப் பிள்ளைகள் வளர்ந்தனர். பணியாளர்களுக்குத் தகுந்த பயிற்சி இல்லை. எனவே இல்லங்களில் பணிபுரிவோர்க்குப் பயிற்சி வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. 1948-இல் பிள்ளைகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது.

முதியோர் நிலையும் வேறல்ல. பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலறிஞர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் சென்று கண்டவற்றை 1962-இல் நூலாக வெளியிட்டார். பழைய உழைப்பு இல்லக் கட்டடங்களிலேயே முதியோர் பலர் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தனர். கதவின்மேல் இருந்த பெயர் மாறியிருந்தது. உள்ளே வாழ்க்கை பெரிதும் மாறியிருக்கவில்லை.

1967-இல், வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்கள் கொடுமைப்படுத்தப்படுவதாகக் கடைநிலைப் பணியாளர் ஒருவர் கூறியவை செய்தித்தாளில் வெளிவந்தன. ஜெஃப்ரி ஹௌ என்னும் வழக்கறிஞர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1969-இல் வெளியாயிற்று. இட நெருக்கடி, ஆள் பற்றாக்குறை, முறையிட்ட பணியாளர்களே துன்புறுத்தப்பட்டமை ஆகியன அதில் எடுத்துக்காட்டப்பட்டன. அதன் பயனாக, மருத்துவமனைகளை வெளியிலிருந்து சென்று பார்வையிடும் அமைப்பு ஒன்று உருவாக்கப்பெற்றது.

வட வேல்சின் சிறுவர் இல்லங்களில் 1974 முதல் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த நீதிபதி வாட்டர்ஹவுஸ் அவர்களின் அறிக்கை 2000-ஆம் ஆண்டில் வந்தது. அதில் 72 பரிந்துரைகள் இருந்தன. அக்கொடுமைகளை முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஆலிசன் டெய்லர் என்னும் அம்மையார். அவர் தாமே ஓர் இல்லத்தின் பொறுப்பாளர். 1986-இல் அவர் முறையிட்டார். அதன்பின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பது நாட்டிற்குத் தெளிவாகப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்து ஆளான பிள்ளைகளின் இழப்பை எந்த அறிக்கையாலும் ஈடுசெய்ய இயலாது.

ஆண்டோவரில் பயனற்றுப் போன பார்வையாளர் ஏற்பாடு இன்று இங்கிலாந்தில் வலிமை பெற்றுள்ளது. 2015-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒவ்வொரு சிறுவர் இல்லத்தையும் மாதம் ஒருமுறை சார்பற்ற ஒருவர் சென்று பார்வையிட வேண்டும். அவர் பிள்ளைகளுடன் தனியே பேசலாம்; முன்னறிவிப்பின்றியும் வரலாம்; கண்டதை எழுத்தில் தர வேண்டும். 1845-இல் ஓர் எளிய விவசாயி கேட்ட கேள்விக்கு இவ்வளவு காலம் கழிந்தபின் கிடைத்த விடை இது எனலாம்.

ஏர்வாடியின் தீ

மேலைநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எண்ணுவோர் தமிழகத்து ஏர்வாடியை மறத்தல் ஆகாது. இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூருக்கு மனநோயால் வாடுவோரை இறைவனின் அருள் நாடி உறவினர் அழைத்துவருவது வழக்கம். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் பலர் காப்பகங்களை நடத்தினர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது எனத் தடைசெய்தது.

அச்சங்கிலிகள் ஏன் பூட்டப்பட்டன? பார்த்துக்கொள்ளப் போதிய ஆள்கள் இல்லாமையால். விழித்திருக்க வேண்டிய மனிதரின் இடத்தை இரும்பு எடுத்துக்கொண்டது. கண்காணிப்பு என்னும் சொல்லைச் சிலர் பூட்டு, கம்பி, தடை என்றே பொருள்கொள்கின்றனர். அச்சொல்லில் கண் இருக்கின்றது. கண் விழித்து ஒருவரைக் காத்தலே கண்காணிப்பு. பூட்டிவிட்டு உறங்கச் செல்பவர் கண்காணித்தவர் ஆகார்.

அங்குத் தம் உறவினரை விட்டுச் சென்றோரும் பக்தர்களே. அன்பால்தான் அழைத்து வந்தனர். நம்பிக்கையோடுதான் விட்டுச் சென்றனர். புனிதத் தலத்தின் அருகே இருப்பதனாலேயே ஓர் இல்லம் புனிதமாகிவிடும் என்று எண்ணியதே பிழையாயிற்று. எந்தச் சமயத்தார்க்கும் இது பொருந்தும்.

நம் நாட்டின் நிலை

மலாயாவில் சமூக நல இலாகா 1946-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்றது. போரினால் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் கதியற்றோரும் நாடெங்கும் அலைந்த காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுள் திரும்பாதோர் பலர். அவர்தம் பிள்ளைகள் ஆதரவற்று நின்றனர். அக்காலச் சூழலில் நம்மவரின் அறநிறுவனங்கள் பல அரிய தொண்டாற்றின. பினாங்கு இராமகிருஷ்ண ஆசிரமமும், சுவாமி சத்தியானந்தர் தோற்றுவித்த சுத்த சமாஜமும் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்று வளர்த்ததை நாடறியும். சுத்த சமாஜத்தில் தம் வாழ்நாள் முழுவதையும் தொண்டாகவே நடத்தி, 2023-இல் இறைவனடி சேர்ந்த அன்னை மங்களம் அவர்களை நன்றியுடன் நினைவுகூர்வோர் பல்லாயிரவர்.

அத்தகைய தொண்டுள்ளம் எல்லாவிடத்தும் வாய்ப்பதில்லை என்பதனால் சட்டமும் தேவையாயிற்று. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அதிகாரிகள் உள்ளே சென்று சோதனையிடவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. 2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி, ஒரு பிள்ளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தப்பட்டது என நம்பக் காரணம் இருப்பின், பிள்ளைப் பராமரிப்பாளர் அதனை உடனே அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 2017-இல் இயற்றப்பட்ட, சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் செய்யும் குற்றத்திற்குக் கூடுதல் தண்டனை விதிக்கின்றது. அறிந்தும் அறிவிக்காமல் இருப்பதையே குற்றமாக்குகின்றது. மருத்துவப் பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான தனியார் இல்லங்களைக் குறித்து 2018-ஆம் ஆண்டில் தனிச்சட்டமும் வந்தது.

சட்டங்கள் இருந்தும் என்ன நிகழ்ந்தது? 2024 செப்டம்பர் 11-ஆம் நாள் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களில் போலீசார் சோதனை நடத்தி 402 சிறுவர்களை மீட்டனர். நாடே அதிர்ந்தது. அக்கம்பக்கத்தார் அவ்வில்லங்களை நாள்தோறும் கடந்து சென்றவர்களே. சமயத்தின் பெயரையும் அறத்தின் பெயரையும் கேட்டவுடன் நம் ஐயங்கள் அடங்கிவிடுகின்றன. இப்பலவீனம் மனித இனம் அனைத்திற்கும் பொது. நம் சமூகத்தில் இவ்வாறு நடவாது என்று மார்தட்டுவது அறியாமையே ஆகும்.

ஆலயத்தாரும் அடியார்களும் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றைக் கற்றபின் நாம் செய்ய வேண்டியது யாது? உபயத்தை நிறுத்திவிடுவதா? அவ்வாறு செய்தால் தண்டிக்கப்படுவோர் உள்ளிருக்கும் பிள்ளைகளும் முதியோருமே. உதவியைத் தொடர்வோம், உதவியோடு கண்ணையும் கொண்டுசெல்வோம்.

முதலாவதாக, உதவி பெறும் இல்லம் பதிவு பெற்றதா என்று பணிவுடன் கேட்டல் வேண்டும். முறையாக நடத்துவோர் பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கார்.

இரண்டாவதாக, திருவிழா மறுநாள் மட்டும் கூட்டமாகச் செல்வதை விடுத்து, ஆண்டு முழுவதும் இருவர் இருவராக, இல்லத்தாரின் இசைவைப் பொதுவாகப் பெற்றுக்கொண்டு, நாள் குறிக்காமல் சென்று வருதல் நலம். முன்கூடத்தோடு நின்றுவிடாமல் சமையற்கட்டையும் படுக்கை அறையையும் குளியலறையையும் காண வேண்டும். முதியவரின் நகம், படுக்கையின் நாற்றம், பிள்ளையின் முகம் ஆகியன எந்தக் கணக்கேட்டையும்விட மிகுதியாகப் பேசும்.

மூன்றாவதாக, இரவில் எத்தனை பணியாளர் விழித்திருப்பர் என்று கேட்க வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டின் இரவு விளக்கை நினைவிற் கொள்வோம். ஒருவரே பகலும் இரவும் ஓய்வின்றிப் பலரைப் பார்த்துக்கொள்ளும் நிலை இருப்பின், அவர் எத்துணை நல்லவராயினும் ஒரு நாள் கை ஓங்கிவிடும். பணியாளர்க்கு உரிய ஊதியமும் ஓய்வும் பயிற்சியும் கிடைக்க நன்கொடை வழங்குவதும் அன்னதானத்திற்கு நிகரான அறமே. அரிசி மூட்டை கொடுக்க ஆயிரம் பேர் உளர். இரவுப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தை ஏற்பவர் அரியர்.

நான்காவதாக, வருவோர் போவோர் எவரும் பிள்ளைகளுடன் தனித்திருக்க இடந்தரலாகாது. இவ்விதி ஆலயத்திலிருந்து செல்லும் நமக்கும் பொருந்தும். பிள்ளைகளின் முகங்களை நிழற்படமாக எடுத்துப் பரப்புவதையும் தவிர்க்க வேண்டும். உண்ட உணவுக்காக வரிசையில் நின்று நன்றி பாடும் நிலையை எந்தப் பிள்ளைக்கும் நாம் உண்டாக்கலாகாது.

ஐந்தாவதாக, எவரேனும் கையைப் பற்றினால் நின்று கேட்க வேண்டும். மறதி நோயுற்றவர் சொல்லும் பத்துச் சொற்களுள் ஒன்று உண்மையாக இருக்கலாம். ஐயம் எழுந்தால் நாமே விசாரணை நடத்தப் புகாமல் சமூக நல இலாகாவுக்கோ, 24 மணி நேரமும் இயங்கும் ‘தாலியான் காசே’ 15999 எண்ணுக்கோ தெரிவிக்கலாம். குறைகூறிய பணியாளரை, நன்றி மறந்தவர் என்று நாம் பழித்தலும் ஆகாது. ஈலியிலும் வட வேல்சிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் உள்ளே பணிபுரிந்தவர்களே என்பதை மறவாதிருப்போம்.

இல்லம் நடத்தும் ஆலயங்களும் அறவாரியங்களும் உள்ளன. அவற்றின் நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டோவர் காப்பாளர் குழுவினர் தம் கூட்டக் குறிப்புகளை ஒழுங்காகவே எழுதி வைத்தனர். கணக்கும் சரியாகவே இருந்தது. எலும்பு இடிக்கும் முற்றத்திற்கு அவர்கள் நடந்து செல்லவில்லை, அவ்வளவே. கூட்ட அறைக்கும் அந்த முற்றத்திற்கும் இடையே இருந்த தொலைவு சில அடிகளே. அச்சில அடிகளை நடப்பதற்கு ஒவ்வொரு குழுவும் முறைவைத்து ஆள்களை நியமித்தல் வேண்டும். சென்று கண்டதை எழுதி அடுத்த கூட்டத்தில் படித்தல் வேண்டும். பொறுப்பாளரும் அவர்தம் குடும்பத்தாருமே எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கும் நிலை இருப்பின், அதனை மாற்றி அமைத்தல் வேண்டும். நல்ல பொறுப்பாளர் இதனை அவமதிப்பாகக் கருதமாட்டார். தம் நேர்மைக்குக் கிடைத்த சான்றாகவே கொள்வார்.

கருவறையில் வீற்றிருக்கும் இறைவனை நாம் நாள்தோறும் விளக்கேற்றிப் பார்க்கின்றோம். அபிடேகம் முறையாக நடந்ததா, நைவேத்தியம் காலத்தில் படைக்கப்பட்டதா என்று அக்கறையோடு கேட்கின்றோம். குறை நேர்ந்தால் குருக்கள் ஐயாவிடம் உரிமையோடு எடுத்துரைக்கின்றோம். பேசும் ஆற்றல் குன்றிய முதியவரும், பெற்றோர் அற்ற பிள்ளையும், மனம் கலங்கிய நோயாளியும் உறையும் இல்லங்களுக்கும் அதே அக்கறையை விரித்துச் செல்வோமாக. அங்கும் விளக்கேற்றிப் பார்க்க வேண்டிய திருவுருவங்கள் உள.

இவ்வாண்டுத் திருவிழாவின் நிறைவில் உணவுப் பாத்திரங்களுடன் புறப்படும் அன்பர்கள், பரிமாறி முடித்தபின் இன்னும் ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்திருந்து வர வேண்டும் என்று இருகரம் கூப்பி வேண்டுகின்றேன். அடியேன் அன்று அந்தக் கையை விலக்கவிட்டு வந்துவிட்டேன். வேறு எவரும் அவ்வாறு வந்துவிடாதிருக்க எல்லாம்வல்ல அம்பாளின் திருவருள் துணைநிற்பதாக.